ஒருத்திக்கு மட்டும் அணித்தலைவன்

பனியை நான் அதுவரை குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில்தான் பார்த்திருந்தேன். ஊர் காரைக்குடி. பிழைப்பு டெல்லியில், ஒரு சின்னப் பனி விளையாட்டுச் சங்கத்தில் கணக்கு வேலை. ஆஸ்திரேலியப் போட்டிக்குச் சங்கத்தின் பயிற்சியாளர்தான் போகவேண்டியது. அவருக்கு விசா கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்துவிட்டது. "சறுக்கப் போகிறவள் தமிழ்ப் பெண்தானே, நீயே கூட இருந்துவிட்டு வா" என்று செயலாளர் இந்தியில் சொல்லி, தலையணை கனத்துக்கு ஒரு விதிப்புத்தகத்தைக் கையில் கொடுத்தார். நான் பனியில் நடந்ததுகூட இல்லையே என்றேன். அணித்தலைவர் சறுக்க வேண்டியதில்லை, கூட்டத்தில் உட்கார்ந்தால் போதும் என்றார். உட்காருவது எனக்கு நன்றாக வரும்.

போட்டியின் பெயர் ஹாஃப்பைப். பெரிய சிமென்ட் குழாய் ஒன்றை நெடுக்காக அறுத்து, மலைச்சரிவில் படுக்கவைத்து, அதைப் பனியால் செய்தால் எப்படி இருக்கும், அதுதான். இரண்டு பக்கச் சுவரும் இரண்டு மாடி உயரம். காலில் சறுக்குக் கட்டைகளுடன் இந்தச் சுவரில் ஏறி ஆகாயத்தில் சுழன்று இறங்கி, அந்தச் சுவரில் ஏறி மறுபடி சுழன்று, இப்படியே அடிவாரம் வரை வரவேண்டும். பெற்ற பிள்ளையை இதற்கு அனுப்புகிறவர்களின் மனத்திடம் எனக்குக் கிடையாது. எனக்குப் பிள்ளையும் கிடையாது.

எங்கள் அணியில் ஒரே ஒருத்தி. பெயர் மதுமிதா, வயது பத்தொன்பது. பெற்றோர் கோயம்புத்தூர்க்காரர்கள். இவள் சிட்னியில் வளர்ந்தவள். குடியுரிமையை மாற்ற அப்பாவுக்கு மனசு வராததால் வீட்டில் எல்லோருடைய கடவுச்சீட்டும் இன்னும் இந்தியாவுடையதே. சர்வதேசப் போட்டியில் ஒருவர் நேராகப் போய் நானும் சறுக்குகிறேன் என்று நிற்கமுடியாது. எந்த நாட்டுக் கடவுச்சீட்டோ அந்த நாட்டுச் சங்கம்தான் பெயர் கொடுக்கவேண்டும். அந்தச் சங்கத்தின் ஆள் ஒருவர் வந்து நிற்கவும் வேண்டும். அப்படித்தான் சிட்னியில் வளர்ந்த பெண்ணுக்காக டெல்லியிலிருந்து காரைக்குடிக்காரன் போனேன்.

அவளுக்கு இதில் இருந்தது பெரிய விஷயம். இந்தப் போட்டியில் ஓரளவு மதிப்பெண் எடுத்தால்தான் அடுத்த குளிர்காலத்தில் உலகப் போட்டிகளுக்கு அவள் பெயரை அனுப்பமுடியும். அதற்காகப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் விடுப்பு எடுத்திருந்தாள். இந்த முறை நடக்கவில்லை என்றால் கட்டைகளை மூட்டை கட்டிவிட்டுப் படிக்கப் போவதாக அப்பாவிடம் ஒப்புக்கொண்டுதான் அந்த விடுப்பு.

முதல் நாள் சிட்னியின் புறநகரான வென்ட்வர்த்வில்லில் அவர்கள் வீட்டில் தங்கினேன். அப்பா சுந்தரத்துக்கு ரயில்வேயில் வேலை. அம்மா நர்ஸ், நான் விழித்திருக்கும் நேரமெல்லாம் தூங்கினார் அல்லது வேலைக்குப் போயிருந்தார். மது காலையிலேயே உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்விட்டாள். மேசைமேல் தோசைமாவும் தக்காளிச் சட்னியும் மூடிவைத்திருந்தார்கள். ஊற்றித் தின்றுவிட்டுத் தெருவுக்கு இறங்கினேன். ஒரு தெரு முழுக்க நடந்தேன், அடுத்த தெரு முழுக்க நடந்தேன். ஒரு மனித முகம் இல்லை. வாசலில் குப்பைத் தொட்டிகள் மட்டும் வரிசையாக நின்றன. டெல்லியில் நான் தனியாகத்தான் இருக்கிறேன், ஆனால் அங்கே தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறவராவது "என்ன மதராஸி, சாப்பிட்டாயா?" என்று கேட்பார். இங்கே என்னைப் பார்த்து ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. திரும்பி வந்து விதிப்புத்தகத்தை எடுத்துக்கொண்டேன்.

படிக்கப் படிக்கப் பிடித்துப்போனது. ஐந்து நடுவர்கள். ஒருவர் போடுவது மற்றவருக்குத் தெரியக்கூடாது. ஐந்தில் அதிக மதிப்பெண்ணும் குறைந்த மதிப்பெண்ணும் கழிக்கப்பட்டு, மீதியின் சராசரிதான் கணக்கு. இந்தச் சுழற்சிக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல் எதுவும் கிடையாது. எவ்வளவு உயரம், எவ்வளவு கடினம், எப்படி இறங்கினாள் என்று மொத்தமாகப் பார்த்து நூற்றுக்கு ஓர் எண் போடுகிறார்கள். முதலில் வருபவருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டால் பின்னால் வருபவருக்கு இடம் இருக்காது என்பதால் ஆரம்பத்தில் கொஞ்சம் கையை இறுக்கிக்கொள்வார்களாம். எங்கள் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நடுவரின் மகன் இரண்டாம் பரிசுக்குக் கீழே இறங்கியதே இல்லை. அங்கே இந்தப் புத்தகம் இருந்திருக்கலாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் புறப்பட்டோம். அணித்தலைவர்கள் கூட்டம் அன்று மாலை. யார் எத்தனாவதாக இறங்குவது என்று அங்கேதான் குலுக்கிப் போடுவார்கள். தலைவர் நேரில் இருக்கவேண்டும், அல்லது கூட்டத்துக்கு முன்பே போனில் சொல்லியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பெயர் குலுக்கலில் கிடையாது. நேரம் தாராளமாக இருந்தது.

"சார், ஹெலன்ஸ்பர்க் கோயில்ல ஒரு அர்ச்சனை பண்ணிட்டுப் போயிடலாம். போற வழிதான்" என்றார் சுந்தரம்.

பின்சீட்டிலிருந்து மது, அது வழியே இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். தமிழிலும் சொன்னாள். "வழி அது இல்லப்பா. லேட் ஆயிடும்."

"அஞ்சு நிமிஷம்டா. இவ்வளவு பெரிய காரியத்துக்குப் போறோம், பெருமாளைப் பார்க்காமப் போறதா?"

இதற்கு எந்தத் தமிழ் வீட்டிலும் பதில் கிடையாது. நானும் வாயைத் திறக்கவில்லை. காட்டுப்புதருக்கு நடுவே வெள்ளைக் கோபுரம் எழுந்து நிற்கிறது. கார் நிறுத்த இடம் தேடியதிலேயே அந்த ஐந்து நிமிடம் போய்விட்டது. அர்ச்சனைச் சீட்டுக்கு ஒரு வரிசை, சன்னதிக்கு ஒரு வரிசை. போனின் சத்தத்தை அணைத்துப் பைக்குள் போட்டேன். அர்ச்சகர் மதுவின் பெயர், நட்சத்திரம் எல்லாம் கேட்டு நிறுத்தி நிதானமாகச் செய்தார். கீழே உணவகத்தில் புளியோதரை மணம் ஆளை இழுத்தது. வெறும் வயிற்றோடு மலையேறக்கூடாது என்று சுந்தரம் சொன்னார், நான் மறுக்கவில்லை. சிட்னித் தெருக்களில் நான் காணாத மனிதர்கள் அத்தனை பேரும் அங்கே தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நாளில் முதன்முதலாக என்னைச் சுற்றித் தமிழ்ச் சத்தம். உண்மையைச் சொன்னால் எனக்கு எழுந்துவரவே மனமில்லை.

அதன்பிறகு எல்லாமே தாமதம்தான். மலையடிவாரத்தில் சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டாமல் மேலே போகக்கூடாது என்று ஓர் அதிகாரி நிறுத்தினார். சுந்தரம் சங்கிலியைத் தலைகீழாக மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். நான் குரங்குக் குல்லாவோடு டார்ச் பிடித்தேன். அப்போதுதான் போனை வெளியே எடுத்துப் பார்த்தேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்புகளும் ஒரு செய்தியும். புயல் வரப்போவதால் போட்டியை முன்னதாகத் தொடங்கப்போகிறார்கள், அதனால் கூட்டத்தையும் முன்னுக்குத் தள்ளியிருந்தார்கள். வர இயலாவிட்டால் பதில் அனுப்பினால் போதும் என்று எழுதியிருந்தது. அது வந்தது நான் சன்னதியில் கைகூப்பி நின்ற நேரம். பதில் அனுப்பப் பார்த்தேன், அங்கே சிக்னல் இல்லை.

மலைமேல் கூட்டம் நடந்த விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஓடிப்போய் நின்றேன். ஒவ்வொரு நாட்டுக்காரர்களும் ஒரே நிற ஜாக்கெட்டில் கூட்டம்கூட்டமாக இருந்தார்கள். சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் அனுப்பிய மேற்பார்வையாளர் நரைத்த தலையோடு ஒரு பெண்மணி. குலுக்கல் முடிந்துவிட்டதே என்றார். கோயில் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, சாலை என்று சொன்னேன். அவர் மற்ற தலைவர்களைப் பார்த்தார். யாருக்கும் ஆட்சேபம் இல்லை என்றால் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். சிவப்பு ஜாக்கெட் போட்ட நெட்டை மனிதர் ஒருவர் முதலில் கைதூக்கி, சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். புயல் வரப்போகும் நாளில் மது கடைசி ஆள் ஆனாள்.

வெளியே காரில் அதைச் சொன்னதும் சுந்தரத்தின் முகம் சுருங்கிப்போனது. "பேரு இருக்குல்ல சார், அது போதும்" என்றார். மறுநாள் அவருக்கு வேலை. மகளின் தலையில் கைவைத்துவிட்டு அன்றே மலையிறங்கிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பயிற்சி. பனியில் நடப்பதற்குள் எனக்கு இரண்டு முறை இடுப்பு கழன்றது. மற்றப் பெண்களுக்கு மேலே ஒரு பயிற்சியாளர், கீழே ஒரு பயிற்சியாளர், கட்டைக்கு மெழுகு தேய்க்க ஓர் ஆள். மதுவுக்குக் கீழே நான். மேலே யாருமில்லை. எனக்குச் சறுக்கத் தெரியாது என்பதால் உச்சிக்குப் போனால் திரும்பிவர வழியில்லை என்று அனுமதிக்கவில்லை. ஒரு வாக்கிடாக்கியைக் கொடுத்தார்கள். பக்கத்தில் நின்ற இரண்டு பயிற்சியாளர்கள் அவளைப் பற்றிப் பேசியது காதில் விழுந்தது. "அந்தக் கடைசிப் பெண் யார், நன்றாக எழும்புகிறாளே" என்றார் ஒருவர். "தெரியவில்லை, அவளோடு யாரும் வந்திருப்பதாகத் தெரியவில்லை" என்றார் மற்றவர். நான் ஒரு முழ தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

மத்தியானம் விடுதி உணவகத்தில் ரொட்டியும் ஏதோ மஞ்சள் குழம்புமாகத் திணறிக்கொண்டிருந்தபோது சமையற்காரர் ஒருவர் வந்து எதிரில் நின்றார்.

"அண்ணை, நீங்கள் தமிழோ?"

"ஆமா."

"அதை வச்சிட்டு எழும்பி வாங்கோ. குசினிக்குள்ள சோறு கிடக்கு."

பெயர் ரூபன். யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்தவர். வருடங்கள் ஓடிவிட்டன, இன்னும் தற்காலிக விசாதான். குளிர்காலம் முழுக்க இந்த மலையில் சமையல், கோடையில் மெல்பர்னில் டார்னெய்ட்டில் நண்பர்களோடு ஓர் அறை. சோறும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் போட்டார். நாக்குக்கு உயிர் வந்தது. மதுவின் கதையைக் கேட்டுவிட்டு, "நானும் சறுக்குவன் அண்ணை, லீவு நாளில. உந்தச் சுவரிலயும் ஏறியிருக்கிறன்" என்றார்.

"அப்ப நீங்களும் போட்டிக்குப் பேர் கொடுக்கலாமே" என்றேன், விதிகளைக் கரைத்துக் குடித்தவன் என்பதை மறந்து.

"எந்த நாட்டுப் பேரில குடுக்கிறது?" என்று சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி பருப்பு ஊற்றினார். சாப்பிட்டு முடியும்வரை அவர் பக்கத்திலேயே நின்றார், அதற்காகவே இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிக்கொண்டேன்.

போட்டி நாள் விடியும்போது வானம் நீலமாக இருந்தது. நடுவர்கள் உயரமான மரக்கூண்டு ஒன்றில் தனித்தனித் தடுப்புக்குள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேச்சில்லை, முகம் பார்ப்பதும் இல்லை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சுற்று, அதில் நல்லது எதுவோ அது கணக்கு. முதல் சுற்றில் மது முதல் சுவரில் அழகாக எழும்பினாள். நான் என்னையறியாமல் "அப்படித்தான்!" என்று கத்தினேன், சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் சுவரில் ஒரு கட்டை இடறியது. முதுகில் விழுந்து அடிவாரம் வரை வழுக்கிக்கொண்டே வந்தாள். வந்த எண்ணைச் சொல்லவே வேண்டாம்.

"ஒண்ணும் இல்ல அங்கிள். இன்னொரு ரன் இருக்கு" என்றாள். அவள் மறுபடி மேலே போனாள்.

இரண்டாம் சுற்று பாதியில் இருக்கும்போது மேற்கிலிருந்து மேகம் இறங்கியது. முதலில் மலையுச்சி போனது, பிறகு மேல்மரங்கள். சிவப்பு ஜாக்கெட்காரரின் அணியில் இருந்த பெண் அந்த வெளிச்சத்தின் கடைசியில் இறங்கி, அன்றைய மிக உயர்ந்த எண்ணை வாங்கினாள். முதல் சுற்றில் அவளும் விழுந்தவள்தான். அப்பா வயதுள்ள அந்த மனிதர் அவளைத் தூக்கிச் சுற்றினார். அவளுக்குப் பின் இன்னும் சிலர் தட்டுத்தடுமாறி இறங்கினார்கள். மதுவின் முறை வந்தபோது குழாயின் சுவரே தெரியவில்லை. மேலே புறப்படும் வாயிலை மூடினார்கள்.

இங்கேதான் புத்தகத்தின் ஒரு விதி எழுந்து வந்து என் கழுத்தில் உட்கார்ந்தது. ஒரு சுற்றில் எல்லோரும் இறங்கி முடித்தால்தான் அந்தச் சுற்று செல்லும். மலைமேல் ஆட்களை ஏற்றும் லிஃப்டை நிறுத்தும் நேரத்துக்குள் மூடுபனி விலகாவிட்டால் இரண்டாம் சுற்று அத்தனை பேருக்கும் ரத்து, முதல் சுற்று மட்டுமே கணக்கு. ஆனால் மீதமிருக்கும் ஆள் தானாகவே இறங்கவில்லை என்று சொல்லிவிட்டால் சுற்று முடிந்ததாக அர்த்தம், எல்லோருடைய மதிப்பெண்ணும் நிற்கும். மீதமிருந்தது ஒருத்தி. சொல்லவேண்டியவன் அவளுடைய அணித்தலைவன்.

இரண்டாம் சுற்றில் நல்ல எண் வாங்கியவர்களின் தலைவர்கள் ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். நேற்று ஒரு முழ தூரத்தில் என்னைக் காணாதவர்கள் இன்று தோளில் கைபோட்டார்கள். ஒருவர் சூடான சாக்லேட் வாங்கிவந்து நீட்டினார். இது விலகாது, பாவம் அந்தப் பெண் குளிரில் நிற்கிறாள் என்றார்கள். முடியாது, காத்திருப்போம் என்றேன். எனக்கு வந்த கோபத்தில் என் ஆங்கிலம்கூடச் சரளமாக இருந்தது. சிவப்பு ஜாக்கெட்காரர் கடைசியாக வந்தார். அவர் தோளில் கைபோடவில்லை. "என் பெண் வாழ்க்கையில் நல்ல சுற்று ஒன்று இன்றுதான் இறங்கினாள். அதைச் சொல்லத்தான் வந்தேன். உங்கள் பெண்ணுக்கும் உரிமை இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்காக முதலில் கைதூக்கியவர். அவர் அதை ஞாபகப்படுத்தவில்லை, அதுதான் உறுத்தியது.

வாக்கிடாக்கியை எடுத்தேன். எல்லோருக்கும் கேட்கும் அலைவரிசை. தமிழில் பேசினோம்.

"மது, கேக்குதாம்மா?"

"கேக்குது அங்கிள்."

நிலைமையைச் சொன்னேன்.

"நான் இறங்கலைன்னு சொன்னா மத்தவங்க மார்க் நிக்குமா?"

"நிக்கும்."

"வெயிட் பண்ணிக் கடைசிவரைக்கும் தெளியலைன்னா?"

"எல்லாருக்கும் போயிடும்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"வெயிட் பண்ணுவோம்னுதான் நான் சொல்றேன். கேட்டவங்க எல்லார்கிட்டயும் முடியாதுன்னு சொல்லிட்டேன். ஆனா முடிவு உன்னோடது."

"இங்க மேல யாருமே இல்ல அங்கிள். கேட் பாத்துக்குறவர் மட்டும்தான் இருக்கார். அவரும் பேச மாட்டேங்குறார்" என்றாள். பிறகு காற்றுச் சத்தம் மட்டும் வந்தது.

காத்திருந்தோம். ஒருமுறை மூடுபனி கொஞ்சம் மெலிந்தது. மேற்பார்வையாளர் எழுந்து நின்றார், நான் வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனேன். உடனே முன்னைவிடக் கெட்டியாக மூடிக்கொண்டது. புளியோதரைக்கு ஆசைப்படாமல் எழுந்துவந்திருந்தால் அவள் நடுவில் எங்கோ இறங்கி, வெயிலில் முடித்து, இந்நேரம் போர்வைக்குள் இருந்திருப்பாள். அந்த மலையில் அதைச் சொல்லி அழக்கூட எனக்கு ஆள் இல்லை.

வாக்கிடாக்கி கரகரத்தது.

"அங்கிள், எனக்கு என் ஸ்கீ நுனியே தெரியல. இது தெளியாது. இன்னொருத்தி ரன்னை அழிச்சு எனக்கு என்ன வரப்போகுது? சொல்லிடுங்க."

"நிச்சயமாம்மா? இன்னும் நேரம் இருக்கு."

"சொல்லிடுங்க அங்கிள். கை மரத்துப்போச்சு."

அதிகாரிகளின் மேசைக்கு நடந்துபோய், எங்கள் வீராங்கனை இறங்கவில்லை என்றேன். மேற்பார்வையாளர் என் கண்களைப் பார்த்து, "புரிகிறது, நன்றி" என்றார். ஒலிபெருக்கியில் முடிவு உறுதி என்று அறிவித்தார்கள். அடிவாரம் முழுக்கக் கத்தியது. விசில், கைத்தட்டல், கட்டைகளை ஒன்றோடொன்று அடிக்கும் ஓசை. சிவப்பு ஜாக்கெட்காரரின் பெண் பனியில் மண்டியிட்டு அழுதாள். பிறகு எல்லோரும் பரிசளிப்புக்காகக் கூடத்துக்குள் போய்விட்டார்கள். தடுப்புக் கயிற்றுக்குப் பக்கத்தில் நான் ஒருவன் மட்டும் நின்றேன். அடுத்த குளிர்காலமும் உலகப் போட்டியும் என் ஒரு வார்த்தையில் முடிந்துபோயின. வீட்டுக்கு என்ன சொல்வாள், சுந்தரத்துக்கு நான் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

குழாய்க்கு வெளியே, ஓரமாக, மெதுவாகச் சறுக்கிக்கொண்டு வெண்மைக்குள்ளிருந்து வந்தாள். தலைக்கவசத்துக்கு வெளியே நின்ற முடியெல்லாம் உறைந்திருந்தது. கட்டைகளைக் கழற்றினாள். காலியாகக் கிடந்த அடிவாரத்தைப் பார்த்தாள்.

"அங்கிள், கொஞ்சம் முன்னாடி கீழேருந்து பெரிய சத்தம் வந்துச்சே. எல்லாரும் கத்தினாங்களே. அது எனக்கா?"

"ஆமாம்மா, உனக்குத்தான்" என்றேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எனக்காக இத்தனை பேர் கத்தினதே இல்ல அங்கிள்" என்றாள்.